பேரப்பிள்ளைகளோடு ஒரு நாள் கடற்கரை: திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் யோசனை சொல்லுங்கள்

பாளைத் தாத்தா
எல்லாருக்கும் வணக்கம். மே முதல் வாரத்தில் பெங்களூரிலிருந்து மகளும் மருமகனும் பிள்ளைகளோடு வருகிறார்கள். பெரியவனுக்கு 12, நடுவுள்ளவளுக்கு 9, கடைக்குட்டிப் பயலுக்கு 5. போன வருஷம் குற்றாலம், அதற்கு முந்தின வருஷமும் குற்றாலம். சாரல் தொடங்காத மே மாதத்தில் வறண்ட பாறையைக் காட்டக் கூட்டிப்போன ஒரே தாத்தா நான்தான் என்று வீட்டில் இன்னும் கேலி ஓயவில்லை. அதனால் இந்த முறை கடல்.

பாளையங்கோட்டையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் திருச்செந்தூர் என்றால் சாமி கும்பிட்டு, அலையில் காலை நனைத்து, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். பிள்ளைகள் கடற்கரையைக் கொஞ்சம் நின்று பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை. ஆச்சிக்கு முட்டுவலி, மணலில் ரொம்ப தூரம் நடக்க மாட்டாள். மருமகன் கார் ஓட்டுவார், ஆனால் அதிகம் பேச மாட்டார். எங்கே போகலாம், எதை விட்டுவிடலாம்?

ரவுண்டு ராஜா
அண்ணாச்சி, கவலையே வேண்டாம். நான் போன வருஷம் போட்ட ரூட் இது. காலை 4:30க்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் திருச்செந்தூர். கோயில், நாழிக்கிணறு, வள்ளி குகை. 8:30க்குக் குலசை முத்தாரம்மன். 9:30க்கு மணப்பாடு. 11 மணிக்கு உவரி சுயம்புலிங்க சுவாமி கோயில், அப்படியே கப்பல் வடிவத்தில் இருக்கும் மாதா கோயில். மதியம் கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி. காந்தி மண்டபம், சூரிய அஸ்தமனம். நாலுவழிச் சாலையில் ஏறினால் ராத்திரி ஒன்பதுக்கு வீடு. ஒரே நாளில் எட்டு இடம்!

மூன்று பிள்ளை அம்மா
ராஜா அண்ணா, அந்த எட்டு இடத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு எது ஞாபகம் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாங்களும் இப்படி ஒரு பயணம் போனோம். என் மகன் பள்ளிக்கூடத்தில் எழுதிய கட்டுரையில் காரில் வாந்தி எடுத்ததும், ஒரு கடையில் நாய்க்குட்டி பார்த்ததும்தான் இருந்தது.

இன்னொன்று. மே மாதத்தில் கன்னியாகுமரி முனையில் நின்றால் சூரியன் கடலில் இறங்காது. அந்த மாதங்களில் அது வடமேற்கே நகர்ந்து கரைப்பக்கமாகச் சாய்ந்துவிடும். கடலுக்குள் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசிக்கு மேல் மாசிக்குள் போக வேண்டும்.

அண்ணாச்சி, ஐந்து வயசுப் பயலை வைத்துக்கொண்டு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தைக் கைவசம் வைத்திருங்கள், ஆனால் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

ரவுண்டு ராஜா
அஸ்தமனம் பார்த்தோமே! சரி, கடலில் விழுந்ததா கட்டடத்துக்குப் பின்னால் போனதா என்று இப்போது யோசித்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

கரைக்காரன்
ஐயா, எனக்குச் சொந்த ஊரே அந்தக் கரைதான், இப்போது வேலை மஸ்கட்டில். ஊரைப் பற்றிப் பேச்சு வந்ததால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நாள். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில்தான் கடல் நன்றாக வற்றும். எங்கள் ஆட்கள் கடல் ஏறுவதை வெள்ளம், இறங்குவதை வற்றம் என்பார்கள். நம் பக்கத்தில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராதுதான், ஆனால் பாறைக்குழிகள் வெளியே தெரிய அதுவே போதும். பௌர்ணமி அன்றைக்கே போகாதீர்கள். திருச்செந்தூர்க் கரையில் ராத்திரி தங்குகிற கூட்டம் மறுநாள் காலைவரை கலையாது. இரண்டு நாள் கழித்துப் போனால் கூட்டமும் குறையும், வற்றமும் கிடைக்கும். வற்றம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளித் தள்ளி வரும், அதனால் போகிற நாளுக்கான நேரத்தை முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை சில நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால்தான் அந்தப் பேர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துக்கொண்டு போனது. எச்சரிக்கை முன்னாலேயே வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது, செய்தியிலும் வரும். அந்த நாளில் கரையே வேண்டாம், வேறு நாள் போங்கள்.

மூன்றாவது, மணப்பாட்டில் குன்றுக்குக் கீழே திறந்த கடலைப் பார்த்த பக்கம் யாரையும் இறக்காதீர்கள். அலைச்சறுக்கு விளையாட ஆட்கள் தேடி வருகிற கடல் அது. உள்ளே நல்ல இழுப்பு உண்டு. ஊர்ப்பக்கம் கருமேனியாறு கடலில் சேருகிற கழிமுகத்தில் தண்ணீர் ஆழமில்லாமல் பரந்து கிடக்கும், பிள்ளைகளுக்கு அது போதும். அங்கேயும் கணுக்கால் அளவுதான், பெரியவர் ஒருவர் கடலைப் பார்த்தே நிற்க வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு நிற்பதெல்லாம் காவல் கிடையாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆனால் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. காலையில் பைபர் படகு கரையேறுவதைப் பார்க்கலாம். படகை மணலில் ஏற்றும்போது மட்டும் பிள்ளைகளைக் குறுக்கே விடாதீர்கள்.

பாளைத் தாத்தா
தம்பி, கூட இருந்து சொன்ன மாதிரி இருக்கிறது. ரொம்ப நன்றி. முட்டுவலிக்காரிக்கு மணப்பாட்டில் உட்கார இடம் இருக்குமா?

கரைக்காரன்
கோயில் பக்கம் நிழல் பார்த்து உட்காரலாம் ஐயா. ஒரு மடக்கு நாற்காலி கொண்டு போங்கள். எங்கள் ஊர் ஆச்சிமார் பனையோலைப் பெட்டி முடைகிறவர்கள். உங்கள் ஆச்சி ஒரு வார்த்தை பேச்சுக் கொடுத்தால் அப்புறம் கிளப்புவதுதான் கஷ்டம்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்
நான் தண்ணீர்த் துறையில் 31 வருஷம் கிணறும் ஆழ்துளையும் அளந்தவன். உங்கள் பெரிய பேரனுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன்.

திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். கிணற்றுக்குள் ஒரு சின்னக் கிணறு, அதில் குடிக்கிற தண்ணீர். மணப்பாட்டில் குன்றின் கடற்பக்கக் குகையில் சவேரியார் தங்கி ஜெபம் செய்தார் என்பார்கள், அவர் 1542இல் வந்தவர். அந்தக் குகைக்குள்ளும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. ஒன்றில் முருகன் வேலால் குத்தினார் என்போம், இன்னொன்றில் சவேரியார் அருள் என்போம். நான் இரண்டு இடத்திலும் கும்பிட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்: மண்ணுக்குள் நடக்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

மழைத் தண்ணீர் மணல் மேட்டில் இறங்கி நிற்கும். ஒரு கனமீட்டர் நல்ல தண்ணீர் 1000 கிலோ என்றால் கடல்நீர் சுமார் 1025 கிலோ. கனமான உப்புநீருக்கு மேல் நல்ல தண்ணீர் மிதக்கும், எண்ணெய் மாதிரி. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு அது இருக்கும் என்பது எங்கள் பழைய கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துவிட்டால் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் நாற்பது அடி ஏறிவிடும். உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் எத்தனையோ தோட்டக் கிணறு உப்பானது இப்படித்தான்.

வீட்டிலேயே காட்டலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கு நல்ல உப்புக்கரைசல். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன்மேல் மெதுவாக நீல மை கலந்த நல்ல தண்ணீரை வழிய விடுங்கள். நீலம் மேலேயே நிற்கும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி இதைச் செய்துவிட்டால் கிணற்றைப் பார்க்கும்போது பையனே உங்களுக்கு விளக்குவான்.

மூன்று பிள்ளை அம்மா
ஓவர்சியர் ஐயா, இதை இன்றைக்கே செய்து பார்க்கிறேன். சமையலறையில் நீல மை சிந்தினால் பொறுப்பு உங்களுடையது.

காந்தம் ஒன்று கொண்டு போங்கள் அண்ணாச்சி. பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருக்கும். பாலித்தீன் பைக்குள் சுற்றி மணலில் துழாவினால் கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டும். பையை உருவினால் பொலபொலவென்று உதிரும். பை இல்லாமல் ஒட்டவிட்டால் ஜென்மத்துக்கும் போகாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

சிப்பி ஜாடி
சிப்பி பொறுக்க நல்ல இடம் எது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டு ஷோகேஸில் இரண்டு ஜாடி நிறைய சங்கும் சோழியும், ஒரு பவளத் துண்டும் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல நினைவுப்பொருள் என்ன?

கரைக்காரன்
அக்கா, அந்தப் பவளத் துண்டைப் பற்றி வெளியே பேசாமல் இருப்பது நல்லது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. செத்த பவளமானாலும் எடுக்கக்கூடாது. 2001இல் கடலட்டை, கடல்குதிரை, சில சங்கு வகைகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். கடையில் விற்கிறார்களே என்று கேட்பீர்கள். விற்பது எல்லாம் சட்டப்படி சரி என்று அர்த்தமில்லை.

சிப்பி ஜாடி
தம்பி, ஒரு பிள்ளை நாலு சிப்பி எடுத்தால் கடல் வற்றிவிடுமா? டிராலர் போட்டு அடியோடு வழிப்பவர்களை விட்டுவிட்டு எங்களிடம் சட்டம் பேசுகிறீர்கள்.

கரைக்காரன்
டிராலர் விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான், எங்கள் அப்பா அதற்காகச் சண்டை போட்டவர். உடைந்த சிப்பி நாலு எடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. முழுச் சங்கை எடுக்கும்போது உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எடுங்கள், அவ்வளவுதான்.

கொற்கை வாசி
நடுவில் நான் ஒன்று சொல்லலாமா? கடலை மட்டும் பார்த்தால் போதாது, கடல் விட்டுப்போன இடத்தையும் பார்க்க வேண்டும். கொற்கை பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர்போனது. இன்றைக்கு அங்கே நின்றால் வயலும் வாழையும்தான். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் கரையையே தள்ளிவிட்டது. ஏரல் பக்கம் வண்டியைத் திருப்பினால் போதும்.

பெரிய பையனுக்கு ராக்கெட் பிடிக்குமென்றால் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே அனுப்பினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும், எரிபொருள் வீண். இங்கிருந்து நேரே தெற்கே திறந்த கடல். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

பாளைத் தாத்தா
முடிவு செய்துவிட்டேன். திருச்செந்தூரில் நாழிக்கிணறு, கூட்டம் இல்லையென்றால் தரிசனம். அப்புறம் நேரே மணப்பாடு. சொல்லாமல் வைத்திருக்கும் மூன்றாவது இடம் உவரி. கொற்கையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன், வாசி ஐயா மன்னிக்க வேண்டும். ராஜா தம்பியும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ரவுண்டு ராஜா
கோபமெல்லாம் இல்லை அண்ணாச்சி. போய்வந்து எழுதுங்கள், நானும் என் ரூட்டைத் திருத்திக்கொள்கிறேன்.

பாளைத் தாத்தா
போய்வந்தாயிற்று. நேற்றே எழுதியிருப்பேன், முதுகு விடவில்லை.

நாலரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது ஐந்தே கால். ஸ்ரீவைகுண்டம் வரும்போது விடிந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இங்கேதான் சென்னை ரயில் மாட்டிக்கொண்டு சுமார் 800 பேர் தவித்தார்கள் என்று பெரியவனிடம் சொன்னேன். ஆற்றில் கிடந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, "இதுலயா தாத்தா?" என்று கேட்டான். நான் என்ன சொல்ல.

திருச்செந்தூரில் பௌர்ணமி கழிந்தும் கூட்டம் குறையவில்லை. வண்டி நிறுத்தவே அரை மணி ஆயிற்று. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டோம். ஆச்சிக்கு அதில் இன்னும் வருத்தம். நாழிக்கிணற்றில் மட்டும் வரிசையில் நின்றோம். பெரியவன் கடல்நீரை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பார்த்தான். பின்னால் நின்ற ஒருவரிடம் நாற்பது அடிக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவர் பையனை ஏற இறங்கப் பார்த்தார். ஓவர்சியர் ஐயா, உங்கள் சீடன்.

எட்டரைக்கு மணப்பாடு. வற்றம் முடிகிற நேரம்தான், ஆனால் கிடைத்தது. குன்றின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். உடைந்த கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவை என்ற கதையைச் சொன்னேன். குகைக் கிணற்றையும் பார்த்தோம். அது எல்லாம் சேர்ந்து முக்கால் மணி. மற்ற இரண்டு மணி நேரமும் எங்கே போயிற்று தெரியுமா? கழிமுகப் பக்கம் ஈர மணலில், ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில்.

கடைக்குட்டிதான் முதலில் பார்த்தான். மணல் முழுக்க மிளகு அளவில் உருண்டைகள், ஆயிரக்கணக்கில், நடுவில் ஒரு துளையிலிருந்து கதிர் மாதிரி கோடு கோடாக. "யாரு தாத்தா இவ்வளவு லட்டு பிடிச்சா?" என்றான். அசையாமல் உட்காரச் சொன்னேன். ஐந்து வயசுப் பயல், வீட்டில் ஐந்து நிமிஷம் ஒரு இடத்தில் இருக்கமாட்டான், மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். துளையில் ஒரு பொட்டு நண்டு எட்டிப் பார்த்தது. வெளியே வந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி வாயில் போட்டது. தின்ன வேண்டியதைச் சலித்துக்கொண்டு மிச்சத்தை உருட்டி, காலுக்கிடையில் பின்னால் தள்ளிவிட்டது. ஒரு லட்டு. அடுத்தது. மருமகன் அரை மணி நேரம் மண்டியிட்டுப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து, "மாமா, இது என்ன வேகம்!" என்றார். கல்யாணமான பதினாலு வருஷத்தில் என்னிடம் தானாகப் பேசிய வார்த்தைகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

காந்த வேலை ஜோராக நடந்தது. பாறைக்குழி ஒன்றில் தேங்கிய தண்ணீரில் விரல் நீள மீன், ஒரு நட்சத்திர மீன், சின்னச் சின்னச் சங்குகள். கடலைப் பார்த்து நிற்கிற காவல் என்னுடையது. தம்பி சொன்னபடி போனை ஆச்சியிடம் கொடுத்துவிட்டேன். ஆச்சி பெட்டி முடைகிற இரண்டு பேரோடு பேச்சில் இறங்கி, கிளம்பும்போது மூன்று பெட்டியும் ஒரு சம்பந்தத் தகவலும் வாங்கி வந்தாள்.

பதினொரு மணி வெயிலுக்கு மேல் நிற்க முடியவில்லை. கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம். வழியில் நுங்கு. உவரியை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம், இரண்டு கிலோ, அதுபோக சில்லுக் கருப்பட்டி கொஞ்சம்.

காசு எடுக்க ஆச்சி பையைத் திறந்தாள். உள்ளே கருப்பட்டி மேல் ஒரு சங்கு நடந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு ஓடிவந்தார். நடுவுள்ளவள் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். பாறைக்குழியிலிருந்து எடுத்தது, காலி என்று நினைத்தாள், கைக்குட்டையில் சுற்றி ஆச்சி பையில் போட்டிருக்கிறாள். துறவி நண்டு, காலிச் சங்குக்குள் குடியிருக்கிற வகை. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பினார். ஏழெட்டு கிலோமீட்டர் மறுபடியும் மணப்பாடு, உச்சி வெயிலில். வழி முழுக்க அவள் ஒரு டம்ளரில் அதை ஈரத்துணியோடு பிடித்துக்கொண்டு வந்தாள், யாரிடமும் பேசவில்லை.

குழியில் தண்ணீர் ஏறியிருந்தது. ஓரத்தில் வைத்தாள். அது உள்ளே இழுத்துக்கொண்டு கல் மாதிரி கிடந்தது. செத்துவிட்டதோ என்று என்னைப் பார்த்தாள், எனக்கும் அதே சந்தேகம்தான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் ஒரு கால் நுனி, அப்புறம் இரண்டு கண் காம்பு. இடது பக்கம் சாய்ந்து, ஒரு தள்ளு தள்ளி, பாசி படிந்த கல்லுக்கு அடியில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சேர நாலரை.

சிப்பி ஜாடி
அண்ணாச்சி, படித்துவிட்டு எங்கள் ஜாடியைக் கொட்டிப் பார்த்தேன். ஒரு சங்குக்குள் காய்ந்த கால் ஒன்று இருந்தது. கரைக்காரத் தம்பி, இதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்காதீர்கள்.

கரைக்காரன்
கேட்கமாட்டேன் அக்கா. ஐயா, எடுத்த அதே குழியிலா விட்டீர்கள்?

பாளைத் தாத்தா
நான் வேறு குழியில் விடப் போனேன் தம்பி. "இது அதோட வீடு இல்ல தாத்தா" என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு எல்லாக் குழியும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

ரவுண்டு ராஜா
அண்ணாச்சி, அந்த நண்டு நடந்த கருப்பட்டி என்ன ஆச்சு?

பாளைத் தாத்தா
ஆச்சி கழுவித் துடைத்துவிட்டாள். மறுநாள் காலையில் எல்லாரும் அதில்தான் காபி குடித்தோம். மருமகன் இரண்டாவது டம்ளர் கேட்டார். அவருக்கு இன்னும் தெரியாது.